ஆர்ட் பிளேக்கியின் 'எ நைட் அட் பேர்ட்லேண்ட்': அடுத்தவர் வாசிக்கும்போது தலைமை தாங்குபவர்

டிரம்ஸ் கலைஞர் ஒருவர் தலைமை தாங்கும் குழு என்றால், பாட்டுக்குப் பாட்டு மற்றவர்கள் ஒதுங்கி நிற்க அவர் மட்டும் நெடுநேரம் முழக்குவார் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. 1954 பிப்ரவரி 21 அன்று இரவு நியூயார்க் பிராட்வேயில் இருந்த பேர்ட்லேண்ட் கிளப்பில் ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஐவர் குழு வாசித்ததைப் பதிவுசெய்து புளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட 'எ நைட் அட் பேர்ட்லேண்ட்' அந்த எதிர்பார்ப்புக்கு வேறு விடை தருகிறது. பிளேக்கி தனித்து வாசிக்கும் இடங்கள் இதில் இல்லாமல் இல்லை. ஆனால் இன்னொருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு அடியில் இவர் என்ன செய்கிறார் என்பதில்தான் இந்தப் பதிவின் உயிர் இருக்கிறது.

குழுவில் டிரம்பெட் கிளிஃபர்ட் பிரவுன், ஆல்டோ சாக்ஸபோன் லூ டொனால்ட்சன், பியானோ ஹோரஸ் சில்வர், பாஸ் கர்லி ரஸ்ஸல். அப்போது பிளேக்கிக்கு வயது 34, பிரவுனுக்கு 23தான். அதே ஆண்டில் பிரவுன் இன்னொரு டிரம்ஸ் மேதையான மாக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து குழு அமைத்துக்கொண்டார். 1956 ஜூனில் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் நடந்த கார் விபத்தில் இறந்துபோனார். ஆகவே பிளேக்கியும் பிரவுனும் ஒரே மேடையில் சேர்ந்திருப்பதை நாம் கேட்கக் கிடைக்கும் வாய்ப்பு மிக அரிது என்பதும் இந்தத் தட்டுகளைத் தேடுவதற்கு ஒரு காரணம்.

இரண்டு தொகுதிகளாக உள்ள இந்தப் பதிவின் முதல் தொகுதி, கிளப்பின் அறிவிப்பாளர் பீ வீ மார்க்கெட்டின் கீச்சுக் குரலோடு தொடங்குகிறது. தனக்குப் பணம் கொடுக்காத கலைஞர்களின் பெயரை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக உச்சரிப்பார் என்று அவரைப் பற்றி ஜாஸ் உலகில் ஒரு கதை உண்டு. இங்கே அவர் நல்ல பிள்ளையாக எல்லாரையும் அறிமுகப்படுத்திவிட்டு, இன்று நீங்கள் தட்டும் கைத்தட்டல் நாளை நாட்டின் பல மூலைகளிலும் இசைத்தட்டில் ஒலிக்கும் என்று கூட்டத்தை உசுப்பிவிடுகிறார். சிலருக்கு இது தொல்லையாகத் தோன்றலாம். எனக்கு அதைத் தாண்டிச் செல்ல மனம் வருவதில்லை, ஏனென்றால் அடுத்து 'ஸ்ப்ளிட் கிக்' வெடித்துக் கிளம்பும் வேகம் அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் முழுதாக உறைக்கிறது.

'ஸ்ப்ளிட் கிக்', 'குவிக்சில்வர்', 'மேரே' ஆகிய மூன்றும் சில்வர் எழுதியவை. பழைய பிராட்வே, திரைப்பாடல்களின் சுர அடுக்கை எடுத்துக்கொண்டு அதன்மேல் புதிய மெட்டை ஏற்றுவது, 1940களில் எழுந்த வேகமான ஜாஸ் பாணியான பீபாப் காலத்து வழக்கம். 'மேரே'யும் 'ஸ்ப்ளிட் கிக்'கும் அந்த வழியில் வந்தவைதாம். ஆனால் சில்வரின் மெட்டுகளில் பீபாப்பின் பதற்றம் குறைந்து, புளூஸும் தேவாலயப் பாட்டும் கலந்த ஒரு தெம்பு தெரிகிறது. பின்னாளில் ஹார்ட் பாப் என்று அழைக்கப்பட்ட பாணி இந்த இரவில் ஏறக்குறைய முழு உருவத்தில் இருக்கிறது.

பிளேக்கியின் வேலையை அறிய, ஒரு முறை மற்ற கருவிகளை விட்டுவிட்டு அவருடைய இடதுகாலை மட்டும் காதால் தொடர்ந்து பாருங்கள். நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஹை-ஹேட் என்ற, காலால் மிதித்து இயக்கும் இரட்டைத் தகடுகள் சட்டென்று மூடிக்கொள்ளும் அந்த ஓசை, பாட்டு எவ்வளவு வேகமாக ஓடினாலும் தளர்வதில்லை. அதன்மேல் வலதுகை சிம்பலில் ஓடிக்கொண்டே இருக்க, இடதுகை மட்டும் பேச்சில் குறுக்கிடுவதுபோல் ஸ்னேர் என்ற சிறு டிரம்மில் அங்கங்கே தட்டுகிறது. வாசிப்பவர் ஒரு சுற்றை முடித்து அடுத்த சுற்றுக்குள் நுழையப் போகும் தறுவாயில், குச்சிகளைத் தோலில் அழுத்திப் பிடித்து உருட்டும் அவருடைய பெயர்போன உருட்டு, அடங்கிய உறுமலாகக் கிளம்பி, பெருகி, சிம்பலில் மோதி உடைகிறது. அதற்குப் பிறகு வாசிப்பவர் முன்பு வாசித்த அளவிலேயே நிற்க முடியாது. ஏறித்தான் ஆக வேண்டும். சில்வரின் பியானோவும் இதற்கு உடந்தை: பிறருக்குத் துணை வாசிக்கும்போதுகூட அவருடைய இடதுகை, தாளக் கருவியைப்போலத்தான் விழுகிறது.

இந்த நெருக்குதலில் மிக நன்றாகப் பொலிபவர் பிரவுன். எத்தனை வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, வட்டமாக, வெதுவெதுப்பாக வந்து விழுகிறது. 'ஒன்ஸ் இன் எ வைல்' என்ற மெதுவான காதல் பாட்டு முழுக்க அவருக்கானது. மெட்டை அவர் குலைப்பதே இல்லை, நகாசு மட்டும் சேர்த்துக்கொண்டே போகிறார். டொனால்ட்சனிடம் பீபாப்பின் ஆல்டோ சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் சாயல் வெளிப்படையாக இருக்கிறது, வேகப் பாட்டுகளில் சில இடங்களில் கடன் வாங்கிய சொற்கட்டுகளாகவும் கேட்கிறது. இரண்டாம் தொகுதியின் 'இஃப் ஐ ஹேட் யூ'வில்தான் அவருடைய சொந்தக் குரல் தெளிவாக வெளிப்படுகிறது.

டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் 'எ நைட் இன் துனிசியா'வை அறிமுகப்படுத்தும்போது, டெக்சாஸில் ஒரு குப்பைத் தொட்டியின் அடிப்பாகத்தில் வைத்து கில்லெஸ்பி இதை எழுதியபோது தான் பக்கத்திலேயே இருந்ததாகப் பிளேக்கி சொல்ல, கூட்டம் சிரிக்கிறது. அதைத் தொடர்ந்து வரும் ஒன்பது நிமிடங்களுக்கு மேற்பட்ட வாசிப்புதான் முதல் தொகுதியின் உச்சம். தொடக்கத்தில் ஆஃப்ரோ-கியூபத் தாளம். அதிலிருந்து நேர் ஜாஸ் நடைக்கு அவர் குழுவைத் தூக்கிச் செல்வதும், மறுபடி கீழே இறக்குவதும் டிரம்ஸால் பாட்டை நடத்துவது என்றால் என்ன என்பதைக் காட்டிவிடுகின்றன.

ஒலிப்பதிவு ரூடி வான் கெல்டருடையது. பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டு, நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையைப் பதிவுக்கூடமாக வைத்திருந்தவர், தம் கருவிகளைக் கிளப்புக்கே கொண்டுவந்து பதிவுசெய்தார். மோனோ ஒலிதான் என்றாலும் சிம்பலின் மினுக்கமும் டிரம்பெட்டின் உடலும் அப்படியே கைக்குக் கிடைக்கின்றன. குறை பாஸில்: வேகப் பாட்டுகளில் ரஸ்ஸல் இருக்கிறார் என்று உணர முடிகிறதே தவிர, அவர் என்ன சுரம் வாசிக்கிறார் என்று பிடிப்பது கடினம். பியானோவும் சற்றே பின்தள்ளி நிற்கிறது. மலிவான இயர்போனில் கேட்டால் இவ்விரு குறைகளும் பெரிதாகத் தெரியும்.

முதலில் மூன்று பத்து அங்குல இசைத்தட்டுகளாக வந்த இந்தப் பதிவு, பிறகு இரண்டு பன்னிரண்டு அங்குலத் தட்டுகளாக அடுக்கப்பட்டது. சேகரிப்பு ஆர்வம் இல்லாதவர்கள் பழைய தட்டுகளுக்குப் பெருந்தொகை செலவிட வேண்டாம். வான் கெல்டரே மறுசீரமைத்து 2001இல் வந்த குறுந்தகடுகள் தாராளமாகப் போதும், கூடுதல் பாட்டுகளும் அவற்றில் உண்டு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதல் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கையில் இருந்தால், தொகுதிக்கு ஒன்றாக உள்ள இரண்டு 'குவிக்சில்வர்' வாசிப்புகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்: மெட்டு அதேதான், பிளேக்கி குறுக்கிடும் இடங்கள் வேறு, அதனால் பிரவுன் போகும் வழியும் வேறு.