பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்றிய ஒரு சின்னக் கேபிள்

புது லேப்டாப் வந்ததும் முதலில் காசு கொடுத்து ஒரு மென்பொருளைத்தான் வாங்கினேன். பழைய கணினியில் இருக்கும் எல்லாவற்றையும் வைஃபையிலேயே தானாகப் புதியதுக்கு மாற்றிவிடுமாம். ராத்திரி முழுக்க ஓடி, பாதிக்கு மேல் போய் அப்படியே நின்றுவிட்டது. கடுப்பில் வாங்கியதுதான் இந்த சாட்டா-யூஎஸ்பி கேபிள்.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இதில் செருகி, மறுமுனையைப் புதியதில் மாட்டினால் பென் டிரைவ் மாதிரி திறக்கிறது, அவ்வளவுதான். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பியிலிருந்து வரும் மின்சாரமே போதும், ஆனால் டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க் என்றால் 12 வோல்ட் அடாப்டரும் சேர்ந்து வரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் சுழலவே சுழலாது. யூஎஸ்பி 3.0 போர்ட்டில் பெரிய வீடியோக்கள் சரசரவென்று போயின. ஆயிரக்கணக்கான போட்டோக்கள்தான் ஆமை வேகம். சின்னச் சின்ன ஃபைல்கள் எந்தக் கேபிளிலும் அப்படித்தான், இதைக் குறை சொல்ல முடியாது.

பிட்லாக்கர் (விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேடியே எனக்கு ஒரு சாயங்காலம் போனது. அப்புறம், இதில் ஃபைல்கள் மட்டும்தான் வரும், மென்பொருள்களைப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

ஒரே எரிச்சல், வயர் ஒரு சாண்கூட இல்லை. டிஸ்க் லேப்டாப்பை ஒட்டியே கிடக்கிறது, கை பட்டால் கதை முடிந்தது. ஐந்துக்கு நாலு.