நேர வரம்பா, ஆப்பையே நீக்குவதா?

சமூக ஊடகத்தில் போகும் நேரத்தைக் குறைக்க இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். முதல் ஆறு மாதம் இன்ஸ்டாகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் ஒரு நாளைக்கு 30 நிமிடம் என்று வரம்பு வைத்திருந்தேன். இந்த ஒரு வருடமாக அந்த ஆப்கள் போனிலேயே இல்லை, கணினியில் பிரவுசர் வழியாக மட்டும் பார்க்கிறேன். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

வரம்பு வைப்பதில் நல்லதும் உண்டு. 2018-லிருந்து ஐபோனில் ஸ்கிரீன் டைம், ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று இதற்கான வசதி போனிலேயே வந்துவிட்டது, காசு செலவில்லை. எவ்வளவு நேரம் போகிறது என்று எண்ணாகக் கண்ணில் படுவதே ஒரு விழிப்புதான்.

ஆனால் அந்த வரம்பை யார் காப்பாற்றுவது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நேரம் முடிந்ததும் ஐபோன் கதவை மூடுகிறது, கூடவே இன்னும் 15 நிமிடம் வேண்டுமா, இன்றைக்கு வரம்பே வேண்டாமா என்றும் கேட்கிறது. அந்தக் கேள்வி வருவது பெரும்பாலும் இரவில், நாள் முழுக்க வேலை பார்த்து மனம் தளர்ந்திருக்கும்போது. தினமும் அதே முடிவைப் புதிதாக எடுக்க வேண்டும், ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் மறுநாள் இன்னும் சுலபமாக விட்டுக்கொடுத்துவிடுவோம். நீக்கிவிட்டால் அந்த முடிவை ஒரே ஒரு முறை எடுத்தால் போதும். அப்புறம் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து போய், கணினியைத் திறந்து, கடவுச்சொல் போட்டு உள்ளே போக வேண்டும் (வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்துவிடுவேன், இது ரொம்ப முக்கியம்). அதற்குள் பாதி ஆசை அடங்கிவிடுகிறது. ஒன்றும் பெரிதாக இழக்கவில்லை, 2021-லிருந்து இன்ஸ்டாகிராமில் கணினியிலிருந்தே படம் போடலாம்.

வாட்ஸ்அப்பை நீக்கவில்லை, குடும்பமும் வேலையும் அதில்தான். குழுக்களின் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டேன், அதுவே போதுமாக இருக்கிறது.

கணக்கையே மூடுவது மூன்றாவது வழி. நான் அந்தப் பக்கம் போனதில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லமாட்டேன். போனை வைத்தே சமூக ஊடகத்தில் பிழைப்பு நடத்துபவர்களுக்கு என் வழி சரிப்படுமா என்பதும் சந்தேகம்தான். அவர்களுக்கு வரம்புதான் வழி என்றால், ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குத் தனிக் கடவுக்குறியீடு வைக்கலாம். அதை நம்பிக்கையான வேறொருவர் போடட்டும், உங்களுக்குத் தெரியவே வேண்டாம்.