சினை மாடு என்று நம்பி 2,85,000 ரூபாவை விட்டோம். மலையகத்தில் மாடு வாங்க இருப்பவர்கள் படியுங்கள்

கோபம் ஆறும் முன்பே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். சினை மாடு வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் ஒன்று விடாமல் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா போன வருடம்தான் தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டு, அதாவது வேலையிலிருந்து விலகி, வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்த உடம்பு. கையில் வந்த ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். என்ற சேமிப்பு நிதிக் காசில் அடகில் இருந்த சங்கிலியை மீட்டு, நாங்கள் இருக்கும் லயத்து (தோட்டத்து வரிசை வீடு) கூரைக்கு நாலு தகரம் மாற்றி, தம்பியின் கடனையும் அடைத்தபிறகு மிச்சம் இருந்ததில் ஒரு கறவை மாடு வாங்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மம்மா காலத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு மாடு நின்றதாம். அந்தக் கதையைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். மாடு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே கொட்டில் அடித்து, ஓடைக்கரையில் குவாத்தமாலா புல்லும் நட்டு வைத்துவிட்டார்.

விளம்பரத்தைக் கண்டுபிடித்தது நான்தான். அதனால்தான் இவ்வளவு எரிகிறது. காணி, வாகனம், கோழி, மாடு என்று எல்லாவற்றையும் விற்கும் விளம்பரச் செயலி ஒன்று. பெயர் சொல்லவில்லை. "பிரீசியன் கலப்பு, இரண்டு ஈற்று, 5 மாதச் சினை, சின்னப் பிள்ளையும் பிடிக்கலாம், 3,00,000" என்று போட்டிருந்தார்கள். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். யாரோ நேரில் போய்ப் பார்த்துத்தான் அதைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். போன் நம்பர் வேலை செய்கிறது என்பதற்கு மேல் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

தைப்பொங்கல் முடிந்து, ஜனவரி கடைசியில் நானும் அம்மாவும் மாமாவும் மூன்று பஸ் மாறிப் பதுளைப் பக்கம் போனோம். மாடு நன்றாகத்தான் இருந்தது. கருப்பும் வெள்ளையும், மினுமினு என்று. அம்மா நெற்றியில் கை வைத்ததும் அது கையை நக்கியது. அம்மா அந்த இடத்திலேயே மனதைப் பறிகொடுத்துவிட்டார். விற்கிற ஆள் ஒரு கார்டைக் காட்டினார். ஆகஸ்ட் 24 சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டதாக ஒரு வரி, கையை விட்டுப் பார்த்துச் சினை உறுதி என்று இன்னொரு வரி, கீழே ஒரு சீல். நான் போனில் 280 நாளை எண்ணத் தொடங்கும்போதே "மே 31, தங்கச்சி" என்று சொல்லிவிட்டார். தொழில் தெரிந்த ஆள் என்று எனக்கு மதிப்பு வந்தது.

மாமாதான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அஞ்சு மாசத்துலயே பால நிப்பாட்டிட்டீங்களா?" நல்ல கேள்வி. கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போதுதான் வழக்கமாகப் பாலை வற்ற வைப்பார்கள், அதுவரை கறப்பார்கள். அதற்கு அந்த ஆள், "கன்னு நல்லா வரணும்னு முன்கூட்டியே வத்த வச்சேன் அண்ணே, நமக்குக் காசா பெருசு" என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

அடுத்து நடந்ததை நன்றாகக் கவனியுங்கள். அம்மா பையிலிருந்து மூன்று இலட்சத்தையும் எடுத்துக் கொடுத்தார். அந்த ஆள் எச்சில் தொட்டு எண்ணி முடித்து, அதிலிருந்து 15,000 ரூபாவைப் பிரித்து அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தார். "இத வச்சுக்கோங்கம்மா. கன்னு விழுந்த பிறகு குடுத்தாப் போதும். விழலைன்னா தரவே வேணாம்."

கருவாட்டுக் கடையில்கூட இருபது ரூபாவுக்கு மல்லுக்கட்டும் மாமா வாயைத் திறக்கவில்லை. மாடு யாருடையது என்று காட்டும் சீட்டான மாட்டு வவுச்சரை அடுத்த கிழமை தபாலில் அனுப்புகிறேன் என்று அந்த ஆள் சொன்னபோதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. காசைத் திருப்பித் தந்தவனிடம் போய்ச் சந்தேகமாகக் கேட்பதா? லொறியில் வரும்போது அம்மா "நல்ல மனுசன்டி" என்றார். 15,000 ரூபாவைக் காட்டி 2,85,000 ரூபாவை எடுத்துக்கொண்டான். இனிமேல் அவனுக்கு 'ஆள்', 'அவர்' எல்லாம் கிடையாது.

பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் போனது. புண்ணாக்கு, தவிடு, புல் என்று அம்மா பார்த்துப் பார்த்துப் போட்டார். சினையில்லாத மாடு 21 நாளுக்கு ஒரு தடவை காளைக்குக் கத்த வேண்டும் இல்லையா, இது ஒரு நாளும் கத்தவில்லை. அதை வைத்தே சினைதான் என்று நாங்களும் உறுதியாக இருந்தோம். மே மாதம் பிறந்தும் மடி இறங்கவில்லை. ஆனால் விடியற்காலையில் மாடு படுத்து எழும்பிய இடத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கெட்டியாக ஏதோ கிடந்தது, வாடையும் வந்தது. வீடியோ எடுத்து அவனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நல்ல அறிகுறி தங்கச்சி, வழி திறக்குது" என்று பதில், கூடவே ஒரு கும்பிடு. அம்மா அதைத் தினமும் வெறும் கையால் அள்ளிக் கழுவினார். இந்த வெறும் கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மே 31 வந்தது, போனது. ஜூன் 5 கேட்டால், "பத்து நாள் முந்தும் பிந்தும்" என்றான். ஜூன் 10 அரசாங்க மாட்டு டொக்டரைக் கூப்பிட்டோம்.

அவர் தோள்வரை நீளமான உறையைப் போட்டுக் கையை உள்ளே விட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு "யாரு சினைன்னு சொன்னது?" என்றார். கார்டைக் கொடுத்தேன். அவர் முதலில் பார்த்தது தேதியை அல்ல, மாட்டின் காதுப் பட்டி நம்பரை. கடைசி மூன்று இலக்கமும் வேறு. அது வேறொரு மாட்டின் கார்டு. நாலரை மாதமாக அந்தக் கார்டு எங்கள் சாமிப் படத்துக்குப் பின்னால்தான் இருந்தது. ஒரு நாளாவது காதோடு சேர்த்து வைத்துப் பார்த்திருக்கலாம்.

மாட்டுக்கு இருந்தது கருப்பையில் சீழ். ஒன்பது மாதச் சினை என்றால் கையில் கன்றின் காலோ தலையோ தட்டுப்படுமாம். கருப்பைச் சுவரில் பொத்தான் மாதிரி முடிச்சுகள் இருக்குமாம், அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்தில் ஒரு அதிர்வு ஓடுமாம். இதில் ஒன்றுமே இல்லை, தொளதொள என்று கனமான ஒரு பைதான். அப்படியானால் ஏன் கத்தவில்லை என்று கேட்டேன். முட்டை வெளியான இடத்தில் சூலகத்தில் மஞ்சள் உடலம் என்று ஒன்று உருவாகும், சினையைத் தாங்குகிற ஹோர்மோனைச் சுரப்பது அதுதான். சினை பிடிக்காவிட்டால் கருப்பை ஒரு சமிக்ஞை அனுப்பும், அது கரைந்து மாடு மறுபடியும் பருவத்துக்கு வரும். சீழ் நிறைந்த கருப்பையால் அந்தச் சமிக்ஞையை அனுப்ப முடியாது. மஞ்சள் உடலம் அப்படியே இருக்கும், கருப்பை வாயும் அநேகமாக மூடியே கிடக்கும், மாடும் கத்தாது. மாட்டின் உடம்பே ஏமாந்து போயிருக்கிறது, நாங்கள் எம்மாத்திரம்!

ஏன் வந்தது என்று அவரால் இப்போது சொல்ல முடியவில்லை. போன ஈற்றில் இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழாமல் உள்ளேயே அழுகியிருக்கலாம். யாராவது கையை விட்டு இழுத்து வைத்திருக்கலாம். காளைக்கு விட்டதில் தொற்றிய நோயால் கரு ஆரம்பத்திலேயே செத்திருக்கலாம். கன்று கலைந்திருந்தால் அது புரூசெல்லோசிஸ் ஆகவும் இருக்கலாம் என்று சொல்லி மாட்டின் இரத்தம் எடுத்தார். அது மனுசருக்கும் தொற்றும், விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், மூட்டு வலிக்கும் என்றார். அம்மாவுக்கு மூட்டுவலி இல்லாத நாள் எது? முடிவு வரும்வரை அம்மா கையை மஞ்சள் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார், நான் பேசாமல் பார்த்துக்கொண்டு இருந்தேன். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தபிறகுதான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

இனி அவன் சொன்ன பதில்களைக் கேளுங்கள்.

முதல் போனில், "என்கிட்ட இருக்கும்போது சினைதான், ஒங்க வீட்டுல கலைஞ்சிருக்கும், தோட்டத்துப் பாதையில விழுந்தா யாரு பார்த்தா?" 5 மாதக் கரு பெரிய பூனை அளவு இருக்கும் என்று டொக்டர் சொன்னார். மாடு கொட்டிலை விட்டு வெளியே போனதே இல்லை. பூனை அளவு ஒன்று எங்கள் கொட்டிலில் விழுந்து, அம்மா பார்க்காமல், மழையில் கரைந்து போனதா? இரண்டாம் போனில் ஒரு பெண், "அவரு கண்டிக்குப் போயிருக்காரு". மூன்றாம் நாளும் கண்டிதான். நாலாம் நாள் நம்பரையே தடுத்துவிட்டான். அன்று பின்னேரமே வேறொரு நம்பரிலிருந்து ஒருவன், "ஒங்க மாடு வீணாப் போச்சின்னு கேள்விப்பட்டேன், இறைச்சிக்கு 70,000 தாறேன்". யாரிடம் கேள்விப்பட்டாய் என்றதும் வைத்துவிட்டான். 2,85,000 ரூபாவுக்கு விற்ற மாட்டை 70,000 ரூபாவுக்குத் திரும்ப வாங்கப் பார்க்கிறார்கள்.

அந்தச் செயலிக்காரர்களுக்குத் தமிழில் நீளமாக எழுதினேன். ஆங்கிலத்தில் நன்றி வந்தது. மறுபடி எழுதினேன், பற்றுச்சீட்டு கேட்டார்கள். மாட்டுக்கு யார் பற்றுச்சீட்டு தருகிறார்கள்? மூன்றாவது தடவை, விளம்பரம் போட இடம் கொடுப்பது மட்டும்தான் தங்கள் வேலை, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். பொலிஸில் எழுதிக்கொண்டார்கள், ஆனால் வவுச்சர் எங்கே என்று கேட்கிறார்கள். அது இன்னும் தபாலில் வந்துகொண்டே இருக்கிறது.

நேற்று ராத்திரி இன்னொரு புது நம்பரிலிருந்து செய்தி. "தங்கச்சி, அந்த 15,000 பாக்கி எப்ப தருவீங்க?" அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை. காலையில் அந்தச் செயலியைத் திறந்தால் அதே நீலச் சுவருக்கு முன்னால் வேறொரு மாடு, "5 மாதச் சினை", பச்சை அடையாளத்தோடு. அதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாட்டுக்கு ஊசி போட்டாகிவிட்டது. மஞ்சள் உடலத்தைக் கரைக்கிற புரொஸ்டகிளண்டின். போட்டு இரண்டு மூன்று நாளில் சீழ் வாளி வாளியாக வந்தது, கொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. இன்னொரு ஊசி பாக்கி. பிறகு பருவத்துக்கு வரலாம், ஆனால் இத்தனை மாதம் சீழில் ஊறிய கருப்பை சினை தாங்குமா என்று கேட்டால் டொக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. இறைச்சிக்குக் கொடுக்க அம்மா சம்மதிக்க மாட்டார். 2,85,000 ரூபா போய், ஒரு சொட்டுப் பால் இல்லாத மாட்டுக்குப் புல்லும் வெட்டிப் போடுகிறோம்.

சரி, பார்க்க வேண்டியதெல்லாம் எழுதுகிறேன் என்றேன். டொக்டர் வரும் நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். காசு கொடுக்கும் முன் நீங்களே ஒரு மாட்டு டொக்டரைக் கூட்டிப்போய்க் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், விற்பவன் காட்டும் சீலை நம்ப வேண்டாம். கார்டு நம்பரையும் காது நம்பரையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சினை என்கிறான், ஆனால் சீக்கிரமே பால் வற்றிவிட்டது என்றால் ஏன் என்று குடைந்து கேளுங்கள். வவுச்சர் கைக்கு வராமல் மாட்டை லொறியில் ஏற்றாதீர்கள். வாடையோடு எது வந்தாலும் வெறும் கையால் தொடாதீர்கள். இளங்கொடி ஒரு நாளாகியும் விழாவிட்டால் இழுக்காமல் டொக்டரைக் கூப்பிடுங்கள். காசில் கொஞ்சத்தைத் திருப்பித் தந்தால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள். இன்னும் இருக்கிறது, அம்மா கொட்டிலில் இருந்து கூப்பிடுகிறார், மாட்டைப் பிடிக்க ஆள் வேண்டுமாம்.