கார்க்கி லீயின் சைனாடவுன்: ஐம்பது ஆண்டுப் படங்கள் ஒரே நூலில்

நியூயார்க்கில் சீனக் குடியேறிகள் செறிந்து வாழும் சைனாடவுனையும், அங்கிருந்து தொடங்கி அமெரிக்கா முழுவதும் வாழும் ஆசிய வம்சாவளியினரையும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் படம்பிடித்த புகைப்படக் கலைஞர் கார்க்கி லீ, 2021 ஜனவரியில் கோவிட் தொற்றால் காலமானார். அவருடைய படங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி, கலைஞர் சீ வாங் இங்கும் வரலாற்றாசிரியர் மே இங்காயும் பதிப்பித்த ‘கார்க்கி லீஸ் ஏஷியன் அமெரிக்கா’ என்னும் நூலை 2024இல் கிளார்க்சன் பாட்டர் பதிப்பகம் வெளியிட்டது. குடியேறியவர்கள் வாழும் ஒரு நகர்ப்பகுதியை அங்கேயே புழங்குகிற ஒருவர் படமெடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்நூல் நல்ல சான்று. ஆனால் படங்களைத் தேர்ந்த விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

சலவைக் கடை நடத்திய தந்தைக்கும் தையல் வேலை செய்த தாய்க்கும் மகனாக 1947இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பிறந்தவர் லீ. கல்லூரியில் படித்தது வரலாறு. புகைப்படக் கலையைத் தாமே கற்றுக்கொண்டார். சைனாடவுனை ஒட்டிய பகுதியில் வாடகைதாரர்களை ஒன்றுதிரட்டும் பணியில் இருந்தபோது கேமராவைக் கையில் எடுத்த அவர், பிழைப்புக்கு அச்சகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரங்களில் படமெடுத்தார். ஆகவே அவர் முன் நின்றவர்கள் அவருக்கு அந்நியர்கள் அல்லர். மறுவாரமும் அதே தெருவில் அவர் எதிர்கொள்ள வேண்டியவர்கள். இந்த நெருக்கத்தின் பயனைப் படங்களில் உள்ள முகங்களிலேயே காணலாம்.

அதன் அருமை புரிய வேண்டுமானால் அவருக்கு முந்தையவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 1880களின் இறுதியில் இதழாளர் ஜேக்கப் ரீஸ் இதே வட்டாரத்தில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த மல்பெரி பெண்ட் சந்துகளுக்குள் இரவில் நுழைந்து, மெக்னீசியத் தூளைக் கொளுத்தி எழும் வெளிச்சத்தில் படமெடுத்தார். அவரும் டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்தாம். அவருடைய நோக்கமும் சீர்திருத்தம்தான். எனினும் தூக்கம் கலைந்து திகைத்து விழிக்கும் அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த நெரிசலான கட்டடங்கள் பின்னர் இடிக்கப்பட்டு, 1897இல் அங்கே ஒரு பூங்கா திறக்கப்பட்டது. இன்று கொலம்பஸ் பூங்கா எனப்படும் அது சைனாடவுனின் நடுமுற்றமாக விளங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவிலோ, 1906 நிலநடுக்கத்துக்கு முன்பு அங்கிருந்த சைனாடவுனைப் படம்பிடித்த ஆர்னால்ட் கெந்தே, ஆங்கிலப் பெயர்ப்பலகைகளையும் வெள்ளையர் உருவங்களையும் சில படங்களிலிருந்து நீக்கியே விட்டார். அமெரிக்க நகரம் ஒன்றின் நடுவே இருந்த குடியிருப்பு, அவர் கைபட்டதும் தொலைதூரக் கீழைத்தேயமாக மாறிப்போயிற்று.

கார்க்கி லீ செய்தது இதற்கு நேர்மாறானது. இவர்கள் அமெரிக்கர்கள் என்பதையே அவர் படத்துக்குப் படம் நிறுவ முயன்றார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் 2001இல் சென்ட்ரல் பார்க்கில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், தலைப்பாகை அணிந்த சீக்கியர் ஒருவர் அமெரிக்கக் கொடியைத் தோளில் போர்த்தி நிற்கும் படத்தைப் பாருங்கள். அந்த நாட்களில்தான் அரிசோனாவில் சீக்கியர் ஒருவர் அவருடைய தோற்றத்தின் பொருட்டே சுட்டுக் கொல்லப்பட்டார். அதை அறிந்து பார்க்கும்போது, அக்கொடியில் நாட்டுப்பற்றோடு தற்காப்பும் சேர்ந்தே தெரிகிறது. 1975இல் காவல்துறையின் வன்முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தின்போது, குருதி வழியும் முகத்தோடு ஒருவரைக் காவலர்கள் இழுத்துச் செல்வதை அவர் எடுத்த படம் ‘நியூயார்க் போஸ்ட்’ முதல் பக்கத்தில் வெளியானது. அவ்வாண்டு ஆயிரக்கணக்கானோர் சைனாடவுனிலிருந்து நகர மன்றம் நோக்கி ஊர்வலம் சென்றனர்.

2014இல் யூட்டா மாநிலத்தில் எடுக்கப்பட்ட படமோ வேறு வகை. கண்டத்தைக் குறுக்காக இணைத்த ரயில் பாதையின் நிறைவு விழாவில் 1869இல் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படத்தைப் பள்ளிப் பாடநூலில் கண்டபோது, பாதை போட உழைத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்களில் ஒருவர் முகமும் லீக்குத் தென்படவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே, 145 ஆண்டுகள் கழித்து, சீன வம்சாவளியினரைத் திரட்டி அதே இடத்தில் நிறுத்திப் படமெடுத்தார். வாதமாக அது மறுக்க முடியாதது. புகைப்படமாக எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஏற்பாடு செய்து எடுத்த குழுப்படத்துக்குரிய விறைப்பு அதில் உண்டு.

என் மனக்குறையும் இதை ஒட்டியதுதான். ‘ஐம்பது ஆண்டுகால ஒளிப்பட நீதி’ என்ற பொருள்படும் துணைத்தலைப்பே நூலின் சாய்வைச் சொல்லிவிடுகிறது. போராட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் கிடைத்திருக்கும் இடம், வேலை நேரத்துக்கும் வீட்டு நேரத்துக்கும் கிடைக்கவில்லை. 1982இல் ஊதிய ஒப்பந்தம் கோரி ஏறத்தாழ 20,000 ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் சீனப் பெண்கள், கொலம்பஸ் பூங்காவில் திரண்டார்கள். அந்தப் பெண்கள் மற்ற நாட்களில் தையல் இயந்திரத்தின் முன் எப்படிக் குனிந்திருந்தார்கள், பள்ளி விட்டதும் பிள்ளைகள் எங்கே காத்திருந்தார்கள் என்பதுதான் அந்தத் திரளுக்கு முன்கதை. தையல்காரியின் மகனுக்கு அது தெரியாததல்ல. அவருடைய சேகரத்திலிருந்து அத்தகைய படங்களுக்குக் கூடுதல் பக்கங்கள் ஒதுக்கியிருந்தால் நூல் இன்னும் கனத்திருக்கும்.

ஒளியும் நிழலும் கச்சிதமாகப் பொருந்திய தெருப் புகைப்படங்களை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்நூல் ஏமாற்றம் தரலாம். கூட்டத்துக்குள் முண்டியடித்து நின்று எடுத்த பல படங்களில் சட்டகம் நெரிசலாகவே இருக்கிறது. தாம் வாழும் தெருவையே ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்ய நினைப்பவர்களும், ஆசிய அமெரிக்க வரலாற்றைப் படிப்பவர்களும் தயங்காமல் வாங்கலாம். கட்டுரைகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் படங்களை மட்டும் வரிசையாகப் பார்த்து முடித்துவிடுங்கள்.