தல்மூதா, மிஷ்னே தோராவா, ஷுல்கான் ஆருக்கா? யூத நூல் வாசிப்பில் இரண்டாம் படி

பழைய ஏற்பாட்டை ஓரளவு படித்தாயிற்று. வாய்மொழிச் சட்டங்களின் தொகுப்பான மிஷ்னா எது, அதன்மேல் நடக்கும் விவாதமான கெமாரா எது என்பதும் பிடிபட்டுவிட்டது. அடுத்து எந்த நூலோடு உட்காருவது? போட்டியில் இருப்பவை மூன்று: தல்மூத் (மிஷ்னாவும் கெமாராவும் சேர்ந்தது), மைமோனிதஸ் (யூதர்கள் ரம்பாம் என்பார்கள்) எழுதிய சட்டத் தொகுப்பான மிஷ்னே தோரா, யோசேப் காரோவின் சட்டக் கையேடான ஷுல்கான் ஆருக். என் ஓட்டு நடுவில் இருப்பதற்கு. ஆனால் அதை மட்டும் தனியாகப் படித்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே கேள்வியை மூன்றிடமும் கேட்டுப் பார்க்கலாம். "இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமம் 6-இல் வருகிறதே, அதுதான் யூதர்கள் காலையும் இரவும் சொல்லும் ஷெமா. இரவில் அதை எந்த நேரத்துக்குள் சொல்ல வேண்டும்?

தல்மூதின் முதல் பகுதியான பெராகோத் தொடங்குவதே இந்தக் கேள்வியில்தான். ஆசாரியர்கள் தங்கள் பங்கு உணவை உண்ணப் போகும் வேளையிலிருந்து சொல்லலாம் என்கிறது மிஷ்னா. எதுவரை? முதல் சாமம் முடியும்வரை என்கிறார் ரப்பி எலியேசர். நள்ளிரவுவரை என்கிறார்கள் மற்ற அறிஞர்கள். விடியும்வரை என்கிறார் ரப்பான் கமாலியேல். விருந்துக்குப் போய் நேரம் கழித்து வந்த அவருடைய பிள்ளைகள் இன்னும் ஷெமா சொல்லவில்லை என்றபோது, "விடியவில்லை என்றால் சொல்லியே ஆக வேண்டும்" என்றாராம். சரி, பதில் வந்துவிட்டது என்று நினைத்தால் கெமாரா அப்போதுதான் சட்டையை மடித்துவிடுகிறது. காலையை விட்டுவிட்டு மாலையில் ஏன் தொடங்க வேண்டும்? நட்சத்திரம் தெரியும் நேரம் என்று நேராகச் சொல்லாமல் ஆசாரியர்களை ஏன் இழுக்க வேண்டும்? அப்புறம் இரவுக்கு எத்தனை சாமம் என்ற பேச்சு: முதல் சாமத்தில் கழுதை கத்தும், இரண்டாவதில் நாய் குரைக்கும், மூன்றாவதில் குழந்தை பால் குடிக்கும், மனைவி கணவனோடு பேசுவாள். 2-ஆம் ஏட்டில் தொடங்கியது, கமாலியேல் சொன்னதே சட்டம் என்று 8-ஆம் ஏட்டில்தான் வருகிறது.

இதே கேள்விக்கு மிஷ்னே தோராவில் ஒரு பத்திதான். நட்சத்திரம் தோன்றியதிலிருந்து நள்ளிரவுவரை. தாமதித்தவர் விடியுமுன் சொன்னாலும் கடமை நிறைவேறும். நள்ளிரவு என்று அறிஞர்கள் வரம்பு வைத்தது மனிதன் அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக. முடிந்தது. கழுதையும் இல்லை, விருந்துப் பேச்சும் இல்லை, யார் சொன்னது என்ற பெயரும் இல்லை.

ஷுல்கான் ஆருக்கில் 235-ஆம் பிரிவைப் பாருங்கள். மூன்று சிறு நட்சத்திரங்கள் தெரிய வேண்டும். மேகமூட்டம் என்றால் சந்தேகம் தீரும்வரை பொறுக்க வேண்டும். இன்று மாலை நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவருக்கான நூல் இது. 1565-இல் வெனிஸில் அச்சானது. கிராக்கோவின் மோசே இசர்லெஸ் ஐரோப்பிய (அஷ்கெனாசி) யூதர்களின் வழக்கங்களைக் குறிப்புகளாகச் சேர்த்த பிறகு அவர்களுக்கும் காரோவின் தரப்பான செபார்தி யூதர்களுக்கும் பொதுவான நூலாயிற்று. கடைப்பிடிக்கிறவர்களுக்கு இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஆலயம், பலி, அரசன் பற்றிய சட்டங்கள் இதில் கிடையாது. இன்று நடைமுறையில் இருப்பவை மட்டும்தான். வெளியிலிருந்து கற்க வருபவருக்கு இது முதல் தேர்வாக இருக்க முடியாது.

தல்மூத் பக்கம் போகிறவர்களை உடனே ஈர்ப்பது தாஃப் யோமி, அதாவது நாளொன்றுக்கு ஓர் ஏடு. ரப்பி மெயிர் ஷபிரோ 1923-இல் வியன்னாவில் முன்வைத்த திட்டம். மொத்தம் 2711 ஏடுகள், ஏழரை ஆண்டு. இப்போது ஓடும் 14-ஆம் சுற்று 2020 ஜனவரியில் தொடங்கியது, 2027 ஜூனில் முடியும். உலகம் முழுவதும் ஒரே நாளில் ஒரே ஏடு என்பது நல்ல உற்சாகம்தான். ஆனால் இடைநிலை வாசகருக்கு அந்த வேகம் ஆகாது. தல்மூதின் மொழியான அராமேயம் தெரியாமல், அதற்கு ராஷி எழுதிய உரையும் பழகாமல் தினம் இரண்டு பக்கம் ஓடினால், எந்தக் கேள்விக்கு எது பதில் என்பதே நழுவிவிடும். ஏடு தள்ளியதுதான் மிச்சம்.

மிஷ்னே தோராவை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு. 14 நூல்கள், இல்லாமல் போன ஆலயம் முதல் வரப்போகும் மேசியா வரை முழுச் சட்டமும் வரிசையாக, தெளிந்த எபிரேயத்தில். 1180-ஐ ஒட்டி எகிப்தில் முடித்தார். குறை ஒன்று உண்டு, சின்னக் குறையல்ல: ஆதாரம் காட்டவே மாட்டார். இதற்காகப் போஸ்கியேரின் ரப்பி ஆபிரகாம் அவரை விளாசினார். பின்னாளில் அந்த ஆதாரங்களைத் தேடித் தந்து உரை எழுதியவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? நம் போட்டியாளர் யோசேப் காரோவேதான்.

தத்துவம் வேண்டும் என்றாலும் இதே வாசல் வழியாகப் போகலாம். சட்ட நூலாக இருந்தும் முதல் நூல் கடவுளின் இருப்பு, கோளங்கள், நான்கு பூதங்கள் என்று தொடங்குகிறது. "கண்ணுக்குக் கண்" என்பதற்குப் பண ஈடுதான் பொருள் என்று தல்மூதின் பாபா கம்மா பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக ஆதாரம் அடுக்குகிறார்கள். ரம்பாமின் சட்ட நூலும் அதையே உறுதியாகச் சொல்கிறது. அவரே பிறகு அரபு மொழியில் எழுதிய 'தடுமாறுவோருக்கு வழிகாட்டி'யின் மூன்றாம் பாகத்துக்கு வந்தால், உறுப்பைப் பறித்தவன் அதே உறுப்பை இழப்பான் என்று வசனத்தை அப்படியே எடுத்து விளக்குகிறார்! தான் இங்கே காரணம் சொல்வது தோராவின் சொற்களுக்கு, தல்மூதின் தீர்ப்புக்கு அல்ல என்கிறார். சட்ட நூலைப் படிக்காமல் வழிகாட்டியைத் திறப்பவருக்கு இதில் இருக்கும் சிக்கலே தெரியாது. யூதா ஹலேவியின் 'கூசாரி' உரையாடல் வடிவில் இருப்பதால் எளிது; அதை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஆங்கிலம் ஓரளவு வந்தால் செலவே இல்லை. ஸெஃபாரியா தளத்தில் தல்மூதும் மிஷ்னே தோராவும் மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன. மிஷ்னே தோராவில் மனந்திரும்புதல் பற்றிய பத்து அதிகாரங்களில் தொடங்குங்கள். ஐந்தாவதில் வரும் சுயவிருப்பம் பற்றிய வாதத்துக்கு இரண்டு நாள் கொடுங்கள். அடுத்து ஷெமா சட்டங்கள், நான்கே அதிகாரம். அவற்றைப் படிக்கும்போதே பெராகோத்தின் முதல் மூன்று அதிகாரங்களையும் பக்கத்தில் திறந்து வைத்து, ரம்பாம் எதை எடுத்தார், எதை விட்டார் என்று பாருங்கள். ஷுல்கான் ஆருக்கில் இப்போதைக்கு அந்த 235-ஆம் பிரிவு போதும்.