எம்எஸ் ஆபீஸா, லிப்ரே ஆபீஸா? ஒரு டைப்பிங் கடையின் கணக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் வருகிறவர்களை நம்பி ஓடுகிற டைப்பிங் கடை எங்களுடையது. மூன்று கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 10, ஆபீஸ் 2019. 2025 அக்டோபர் 14 அன்று இரண்டுக்கும் ஒரே நாளில் மைக்ரோசாஃப்ட் சப்போர்ட், அதாவது பாதுகாப்பு அப்டேட், முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், எங்கள் மெஷினில் உள்ள ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர் அதற்கான பட்டியலிலேயே இல்லை. மூன்று புது மெஷின் வாங்கி, அதன்மேல் ஆபீசுக்கும் காசு கட்ட வேண்டும். இல்லையென்றால் இருப்பதில் விண்டோசுக்குப் பதிலாக உபுண்டுவும், எம்எஸ் ஆபீசுக்குப் பதிலாக லிப்ரே ஆபீசும் போட வேண்டும். நான் இரண்டு மெஷினை மாற்றிவிட்டேன். அதனால் என் சாய்வு தெரிந்ததுதான்.

இரண்டும் இலவசம், அதனால் விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மெனு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. டைப்ரைட்டர் விசைப்பலகையில் கை ஊறிய அக்கா என்ன சொல்வாரோ என்றுதான் பயந்தேன். உபுண்டுவில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ்-எம்17என் நிறுவியதும் டைப்ரைட்டர், தமிழ்99 என்ற இரண்டு விசைப்பலகை அமைப்புமே கிடைத்தன. யூனிகோடுக்கு முந்தைய பழைய வானவில் எழுத்துருவில் வரும் ஃபைல், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் இரண்டு ஆபீசிலும் ஒரே மாதிரி கிறுக்கலாகத்தான் தெரியும்.

உண்மையான தலைவலி பக்கம் நகர்வதுதான். முதல் வாரத்திலேயே வக்கீல் குமாஸ்தா ஒருவர் பென் டிரைவோடு வந்தார். வேர்டில் நான்கு பக்கமாக அடங்கிய மனு எங்களிடம் ஐந்தாகிவிட்டது. "அண்ணே, கையெழுத்து மட்டும் தனியா நிக்குதே, கோர்ட்டுல வாங்குவாங்களா?" என்றார். மனு லதா எழுத்துருவில் இருந்தது. அது விண்டோசோடு வருவது, உபுண்டுவில் கிடையாது. லிப்ரே ஆபீஸ் கையில் இருந்த வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட, வரி உயரம் மாறி எல்லாம் கீழே தள்ளிவிட்டது. ஆட்கள் கொண்டுவருவதெல்லாம் வேர்டு ஃபைல் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் எம்எஸ் ஆபீஸ்தான் நிம்மதி.

அப்புறம் நாங்கள் செய்தது இவ்வளவுதான். கடையில் புதிதாக அடிக்கும் எல்லாமே நோட்டோ சான்ஸ் தமிழில். அது இலவசம், விண்டோசிலும் போட்டுக்கொள்ளலாம். வெளியே கொடுப்பது ஹைப்ரிட் பிடிஎஃப். லிப்ரே ஆபீசில் பிடிஎஃபாக எக்ஸ்போர்ட் செய்யும்போது 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்ற ஒரு பெட்டியில் டிக் அடித்தால், பிடிஎஃபுக்குள்ளேயே மூல ஃபைலும் உட்கார்ந்துகொள்ளும். வாங்கிப்போகிறவருக்குச் சாதாரண பிடிஎஃப், பக்கம் அசையாது. தேதியை மாற்றவேண்டும் என்று அதே ஃபைலோடு திரும்பி வந்தால் லிப்ரே ஆபீசில் திறந்து திருத்தலாம். 'எந்த ஃபைல் கடைசியாத் திருத்தினது?' என்ற பழைய சண்டை இதனாலேயே குறைந்தது. எனக்கு லிப்ரே ஆபீஸ் பிடித்துப்போனது இந்த டிக்கால்தான், இலவசம் என்பதால் அல்ல.

எக்செல் மேக்ரோவில், அதாவது ஷீட்டுக்குள் தானாக வேலை செய்ய எழுதிவைக்கும் நிரலில், எனக்குப் பழக்கம் குறைவு. ஆடிட்டரிடமிருந்து வரும் ஒரு ஷீட் மட்டும்தான் எங்களிடம் உண்டு. லிப்ரே ஆபீசின் எக்செல் போன்ற கால்க்கில் அதன் பாதிப் பொத்தான்கள் வேலை செய்தன, மீதி செய்யவில்லை. மேக்ரோவை நம்பியே கணக்கு வைத்திருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு மாற வேண்டாம். எங்கள் மூன்றாவது மெஷினில் அந்த ஷீட்டுக்காகவே பழைய ஆபீஸை விட்டுவைத்து, நெட் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டேன்.