கூட்டமைப்பு விதிகளா, 1787 அரசியலமைப்பா?

பிரிட்டனோடு போர் முடியும் முன்பே, 1781 மார்ச்சில், அமெரிக்காவின் 13 மாநிலங்களும் தங்கள் முதல் அரசியலமைப்பான கூட்டமைப்பு விதிகளை ஏற்றுவிட்டன. மன்னராட்சியில் சூடுபட்டவர்கள் மத்திய அரசின் கையில் அதிகாரம் தரப் பயந்தது நியாயம்தான். ஆனால் அந்தப் பயம் அரசையே முடக்கியது. மத்திய அரசாக இருந்த காங்கிரஸ் என்ற மாநிலப் பிரதிநிதிகள் அவையால் வரி போட முடியாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், அவ்வளவுதான். இறக்குமதிக்கு 5% தீர்வை விதிக்க முயன்றபோது, ரோட் ஐலண்ட் என்ற ஒரே சின்ன மாநிலம் மறுத்ததால் 1782-ல் அது நின்றுபோனது. விதியைத் திருத்த 13 பேரும் தலையாட்ட வேண்டுமே!

1786-ல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் நீதிமன்றங்களை மறித்தார்கள். முன்னின்ற டேனியல் ஷேஸ், விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். அவர்களை அடக்கப் போன படைக்குச் செலவு செய்தது மத்திய அரசல்ல, பாஸ்டன் வணிகர்கள்!

1787-ல் பிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அரசியலமைப்பு இதைச் சரிசெய்தது: வரி விதிக்கும் அதிகாரம், குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்றம். திருத்தத்துக்கு முக்கால்வாசி மாநிலங்கள் ஒப்பினால் போதும். நாடாக நிற்க இதுதான் சரியான தேர்வு என்பேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அதே ஆண்டு கோடையில் பழைய காங்கிரஸ் ஒஹாயோ ஆற்றுக்கு வடமேற்கே அடிமை முறையைத் தடை செய்தது. புதிய அரசியலமைப்போ, ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய பிரதிநிதிகளின் எண்ணிக்கையை முடிவுசெய்ய அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டது.